10, 0, 14, அப்புறம் ஒரு பெருக்கல் குறி

என் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரிகள் எழுதி வைத்திருக்கிறேன்.

பிலடெல்பியா: 0 3 2 1 3 0 0 8 6
சிகாகோ: 1 10 0 14 0 1 0 0 ×

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இது ஏதோ பூட்டைத் திறக்கும் எண் மாதிரி இருக்கும். தெரிந்தவர்கள் அந்தப் பத்தையும் பதினான்கையும் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

1922 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை பிற்பகல். சிகாகோவில் கப்ஸ் பார்க் மைதானம். சிகாகோ கப்ஸும் பிலடெல்பியா ஃபிலீஸும் மோதின. கப்ஸ் 26, ஃபிலீஸ் 23. இரண்டு அணியும் சேர்ந்து 49 ரன். அமெரிக்காவின் மேஜர் லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இதைவிட அதிக ரன் இன்று வரை வந்ததில்லை. நூறு வருடம் தாண்டியும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 49 என்றால் ஒன்றுமே இல்லை, பவர்பிளேயிலேயே வந்துவிடும். பேஸ்பாலில் ஒரு ரன் என்பது ஒரு ஆள் நான்கு பேஸையும் சுற்றி வீடு வந்து சேர்வது. ஒரு இன்னிங்ஸ் என்பது ஒவ்வொரு அணியும் மூன்று பேர் அவுட்டாகும் வரை ஒரு முறை ஆடுவது, அப்படி ஒன்பது. நோட்டில் நான் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு இன்னிங்ஸில் எடுத்த ரன். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவன், அதாவது பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸ் சேர்பவன், நட்சத்திரம். 1908 வாக்கில் நேஷனல் லீகில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக மூன்றரை ரன்கூட எடுக்கவில்லை. 1922-ல் அது ஐந்துக்குப் பக்கம் வந்திருந்தது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் 26-ம் 23-ம் என்பது, டெஸ்டில் இரண்டு அணியும் தலா ஆயிரம் ரன் எடுத்த மாதிரி.

ஆனால் எனக்கு அந்த மொத்தம் அவ்வளவு முக்கியம் இல்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நான்காவது இன்னிங்ஸ் முடிந்த இடத்தில். அப்போது ஸ்கோர் 25-6.

கப்ஸுக்குப் பத்தொன்பது ரன் முன்னிலை. இரண்டு மேலாளர்களும் ஆட்டம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் அப்படி நினைத்தார்கள் என்பது அந்த ஸ்கோர் அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

சிகாகோவுக்கு நான் வேலைக்கு வந்த முதல் கோடையில் அலுவலகத்தில் யாரோ வேண்டாம் என்று கொடுத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ரிக்லி ஃபீல்டுக்குப் போனேன். 1922-ல் கப்ஸ் பார்க் என்று பெயர் இருந்த அதே மைதானம்தான். செங்கல் சுவரில் படர்ந்த கொடி, நடுவில் பச்சை நிறப் பெரிய ஸ்கோர் பலகை. பலகைக்குள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். மடியில் மடித்த அட்டை, காதில் சொருகிய குட்டிப் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்தபடி இருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அட்டையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். எதுவும் சொல்லவில்லை, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது இன்னிங்ஸ் வாக்கில் நானே கேட்டேன். அப்புறம் ஆட்டம் முடியும் வரை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பந்து வீசும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. 6-4-3 என்றால் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இரண்டு பேர் அவுட். மூன்று நல்ல பந்தைக் கோட்டைவிட்டு அவுட்டாவது ஸ்டிரைக் அவுட், அதற்கு ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மட்டையைச் சுழற்றாமலே ஏமாந்து நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவது. அந்தத் திரும்பிய எழுத்தைப் பார்த்தாலே பேட்டர் திகைத்து நின்ற முகம் தெரியும்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். அட்டையின் ஓரத்தில் ஒரு கூட்டல் போட்டார். கணக்கு நேராகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் மூன்றே முடிவுதான் உண்டு: அவன் ரன் எடுத்து வீடு சேர்ந்திருப்பான், அல்லது அவுட்டாகியிருப்பான், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்று போயிருப்பான். இந்த மூன்றையும் கூட்டினால் வந்தவர்களின் எண்ணிக்கை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அட்டையில் எங்கோ பிழை. கடை சாத்துகிற நேரத்தில் கல்லாவை எண்ணிச் சரிபார்க்கிற மாதிரி அதைச் செய்தார். கூட்டல் சரியாக வந்ததும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கூட்டல்தான் பிறகு எனக்கு 1922 ஆட்டத்தைத் திறந்து காட்டியது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துச் சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920 வரை பந்து நைந்து, கறுத்து, எச்சில் தடவி, சில நேரம் தையல் பிய்ந்தும் கூட ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பந்து பல இன்னிங்ஸ் ஓடும். அடித்தாலும் தூரம் போகாது. 1920-ல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது, ஏற்கெனவே அதை வீசிப் பிழைத்த சில பேருக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் ஆகஸ்டில் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் கார்ல் மேஸ் வீசிய பந்து பட்டு, மறுநாள் அவர் இறந்துபோனார். மேஜர் லீக் மைதானத்தில் பந்து பட்டு இறந்த ஒரே ஆட்டக்காரர் அவர். மங்கலான பந்து அவர் கண்ணுக்கே தெரிந்திருக்காது என்று பேசினார்கள். அதற்குப் பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றுவது வழக்கமானது. வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது, அடிக்கவும் வாகாக இருந்தது. பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி நான்கு பேஸையும் ஒரே மூச்சில் சுற்றி வருவது ஹோம் ரன். பேப் ரூத் 1919-ல் அடித்தது 29 ஹோம் ரன், 1921-ல் 59. 1922-ல் செயின்ட் லூயிஸின் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி 42 ஹோம் ரன்னோடு .401 சராசரியும், அதாவது பத்துக்கு நான்கு ஹிட், வைத்தார். பிட்சர்கள் இந்தப் புதுக் காலத்துக்கு இன்னும் பழகவில்லை. அந்தப் பழகாத காலத்தின் நடுவில்தான் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது.

ஃபிலீஸின் பிட்சர் ஜிம்மி ரிங். மூன்று வருடம் முன்னால், 1919 உலகத் தொடரில், இதே சிகாகோ நகரத்தில், சின்சினாட்டிக்காக வைட் சாக்ஸ் அணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 2-0 என்று ஜெயித்தவர். சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கித் தோற்றார்கள் என்று வைட் சாக்ஸ் பேர் கெட்டதே, அந்தத் தொடர்தான். எதிரணியில் யார் என்ன செய்திருந்தாலும் ரிங் தன் பந்தை வீசினார், ஒருவரையும் வீடு சேரவிடவில்லை. அதே மனிதர் 1922-ல் இதே ஊரில் மூன்று இன்னிங்ஸும் கொஞ்சமும் வீசி 16 ரன் கொடுத்தார். அதில் அவர் பந்துவீச்சின் கணக்கில் ஏறியது வெறும் 6. மீதி பத்தும் பின்னால் நின்றவர்கள் பந்தைத் தவறவிட்டதால் வந்தவை. பத்திரிகைக்காரர்கள் 16 என்ற எண்ணைத்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த 6-ஐப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும்.

இரண்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் 10. நான்காவதில் 14. அந்த நான்காவதில் மார்ட்டி காலகன் என்பவர் ஒரே இன்னிங்ஸில் மூன்று முறை மட்டை பிடித்தார். இரண்டு ஹிட், ஒரு ஸ்டிரைக் அவுட். ஒருவன் மூன்றாம் முறை வர வேண்டும் என்றால் வரிசையில் உள்ள ஒன்பது பேரும் இரண்டு சுற்று முழுதாக ஆடியிருக்க வேண்டும், அப்படியானால் குறைந்தது 19 பேர் வந்திருக்கிறார்கள். அந்தப் பெரியவரின் கூட்டலைப் போட்டால், 14 ரன், 3 அவுட், பேஸில் அதிகபட்சம் 3 பேர்: இருபதைத் தாண்டவே முடியாது. ஆக 19 அல்லது 20 பேர். யாரும் சொல்லாமலே அட்டை இவ்வளவு சொல்லிவிடும். மூன்று அவுட் எடுப்பதற்குள் இத்தனை பேர் வரிசையாக வந்து போனதை ரிங்கும் அவருக்குப் பின் வந்த லெஃப்டி வைனர்ட்டும் அந்த மேட்டில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

கப்ஸின் ஹாக் மில்லர் அன்று இரண்டு ஹோம் ரன் அடித்தார், இரண்டும் மூன்று மூன்று ரன். உடல் பலத்துக்குப் பேர்போன ஆள், மற்றவர்கள் தூக்கவே யோசிக்கும் கனமான மட்டையைச் சுழற்றுவார். கேட்சர் பாப் ஓ'ஃபாரல் ஒரு ஹோம் ரன். இந்த ஓ'ஃபாரலை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1926 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், கடைசி நொடியில், பேப் ரூத் இரண்டாம் பேஸைத் திருட ஓடினார். செயின்ட் லூயிஸின் கேட்சராக இருந்த ஓ'ஃபாரல் எறிந்த பந்தில்தான் ரூத் அவுட்டாகித் தொடரே முடிந்தது.

கிளிஃப் ஹீத்கோட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று ஐந்து முறை அடித்து ஐந்தும் ஹிட், இரண்டு முறை வாக், அதாவது பிட்சர் நான்கு தப்பான பந்து வீசியதால் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது. ஏழு தடவை வந்து ஏழு தடவையும் பேஸில் நின்றார், ஒருவராலும் அவரை அவுட்டாக்க முடியவில்லை. ஐந்து ரன். அதே வருடம் மே 30-ம் தேதி, இந்த மைதானத்தில் கப்ஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் காலையில் ஒரு ஆட்டம், பிற்பகலில் ஒரு ஆட்டம். காலையில் ஹீத்கோட் செயின்ட் லூயிஸ் அணியில், மேக்ஸ் ஃப்ளாக் கப்ஸ் அணியில். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் இரண்டு அணியும் இவர்களை மாற்றிக்கொண்டன. பிற்பகலில் இருவரும் எதிர் எதிர்ச் சட்டையில் ஆடினார்கள். ஒரே நாளில் இரண்டு அணிக்கு ஆடிய மனிதர் மூன்று மாதம் கழித்து இப்படி ஒரு நாளையும் பார்த்தார். 40 வயதிலேயே இறந்துபோனார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ என்று யோசிப்பேன்.

அந்தக் காலத்தில் சட்டையில் எண் கிடையாது. தூரத்தில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டும் என்றால் கையில் அட்டை வேண்டும். பேட் பீப்பர் என்ற அறிவிப்பாளர் மெகாபோனை எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாக நடந்து, ஆட்டக்காரர் மாறினால் கத்திச் சொல்வார். 1916-ல் தொடங்கி 1974 வரை அந்த ஒரே மைதானத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். அன்று வந்திருந்தது ஏழாயிரம் பேர் போல. அவர்களில் பென்சிலோடு வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு நெடுவரிசைதான் அட்டையில் உண்டு. நான்காவது இன்னிங்ஸுக்கு அது போதாது. அடுத்த இன்னிங்ஸின் கட்டங்களுக்குள் புகுந்து எழுதி, அதுவும் தீர்ந்து, அதற்கடுத்ததிலும் எழுதி, மேலே இருந்த இன்னிங்ஸ் எண்ணை அடித்துத் திருத்தியிருப்பார்கள்.

ஸ்கோர் 25-6. இங்கேதான் இரண்டு மேலாளர்களும் தங்கள் ஆட்களை ஆட்டத்திலிருந்து பெஞ்சுக்குக் கூப்பிட ஆரம்பிக்கிறார்கள்.

கப்ஸ் மேலாளர் பில் கில்லிஃபர். பிட்சர் டோனி காஃப்மன் நான்கு இன்னிங்ஸ் வீசியதோடு சரி, நான்காவதிலேயே அவருக்குப் பதில் டர்னர் பார்பர் மட்டை பிடிக்க வந்து இரண்டு ரன்னும் எடுத்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவராக: ஷார்ட்ஸ்டாப் சார்லி ஹாலகர் வெளியே, இரண்டாம் பேஸ் ஜெப் டெரி வெளியே, ஓ'ஃபாரல் வெளியே. ஓ'ஃபாரலுக்குப் பதில் வந்த பையன் காபி ஹார்ட்நெட். பின்னாளில் புகழ் மண்டபம் ஏறப்போகிறவர், அன்று முதல் வருடக்காரர். ஹாலகர் அந்த வருடம் முழுக்க 592 முறை மட்டை பிடித்து ஐந்தே ஐந்து முறைதான் ஸ்டிரைக் அவுட் ஆனவர். அப்படிப்பட்டவரை வெளியே அனுப்பலாம் என்று தோன்றுகிற அளவுக்கு ஆட்டம் கையில் இருந்தது.

பேஸ்பாலில் ஒரு விதி. வெளியே போனவன் போனவன்தான், அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது.

ஃபிலீஸ் பக்கமும் இதேதான் நடந்தது. மேலாளர் வில்ஹெல்ம் நட்சத்திரங்களை உட்கார வைத்துவிட்டார். ஷார்ட்ஸ்டாப் ஆர்ட் ஃபிளெட்சர், கேட்சர் பட்ச் ஹென்லைன், முதல் பேஸில் நின்ற லெஸ்லி எல்லோரும் வெளியே. எல்லாவற்றையும்விடப் பெரிய பெயர் சை வில்லியம்ஸ். அந்த அணியின் ஹோம் ரன் இயந்திரம் அவர், அந்த வருடம் 26, அடுத்த வருடம் 41. அன்று மூன்று முறை அடித்து ஒன்றும் ஆகவில்லை. சரி, தோற்ற ஆட்டம், நாளைக்குத் தெம்பாக வரட்டும் என்று அவரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வரிசையில் அவருடைய மூன்றாம் இடத்துக்கு வந்தவர் பெவோ லபூர்வோ.

வில்ஹெல்ம் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது ரன் பின்தங்கி இருக்கிறோம், நாளைக்கும் ஆட்டம் உண்டு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஐந்தாவதில் ஃபிலீஸ் 3 எடுத்தார்கள், 25-9. ஆறாவதில் கப்ஸ் ஒன்று, 26-9. அதுதான் கப்ஸின் கடைசி ரன். ஏழாவதில் யாருக்கும் எதுவும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எட்டாவது இன்னிங்ஸ். ஃபிலீஸ் 8.

அந்த எட்டில் அதிகமாக அடி வாங்கியவர் கப்ஸ் பிட்சர், யூவல் யூபாங்க்ஸ் என்ற இளைஞர். மேஜர் லீகில் அவர் வீசியது வாழ்க்கையில் மொத்தமே இரண்டு ஆட்டம், அதில் ஒன்று இது. பெரிய முன்னிலையில் புதுப் பையனுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று அனுப்பியிருப்பார்கள். மூன்று அவுட்டை முடிப்பதற்குள் அவரை மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்கோர் 26-17.

ஒன்பதாவது. மேலே சொன்ன மாற்று ஆட்களைப் பாருங்கள். முதல் பேஸில் லெஸ்லிக்குப் பதில் வந்த கிளிஃப் லீ, நான்கு முறை அடித்து மூன்று ஹிட், நான்கு ரன். ஹென்லைனுக்குப் பதில் வந்த ஃபிராங்க் வித்ரோ இரண்டு ஹிட். பிட்சர் வைனர்ட்கூட, கப்ஸிடம் 10 ரன் கொடுத்த அதே வைனர்ட், மட்டை பிடித்து ஓடி இரண்டு ரன் எடுத்தார். ஃபிலீஸின் 23-ல் 11 ரன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் எடுத்தவை. தோற்ற ஆட்டம் என்று சொல்லி அனுப்பிவைக்கப்பட்டவர்கள், அவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போல ஆடினார்கள்.

18, 19, 20. பலகையில் எண் ஏறுகிறது. 23.

26-23. இரண்டு அவுட். மூன்று பேஸிலும் ஆள்.

இந்த நிலையை நிதானமாகச் சொல்கிறேன். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பேட்டர் ஒரு ஹோம் ரன் அடித்தால் நான்கு ரன். 23-ம் 4-ம் 27. நான்காவது இன்னிங்ஸில் 25-6 என்று இருந்த ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரே ஒரு அடியில் ஃபிலீஸ் முன்னே போய்விடலாம்.

கில்லிஃபர் ஐந்தாவது பிட்சரை அனுப்பியிருந்தார். எர்னஸ்ட் ஆஸ்பார்ன். ஆறடி நான்கு அங்குலத்துக்கு மேல் உயரம், அதனால் எல்லோரும் வைத்த பட்டப்பெயர் ‘குட்டி’. மட்டை பிடிக்க யார் வருகிறார்?

இதைத்தான் அந்தக் கூட்டலில் கண்டுபிடித்தேன். ஃபிலீஸ் 23 ரன், 27 அவுட், பேஸில் நின்று போனவர்கள் 16. கூட்டினால் 66. ஒன்பது பேர் வரிசை ஏழு முழுச் சுற்று வந்தால் 63. அப்புறம் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர். 66-வது ஆள் வரிசையில் மூன்றாம் இடம். சை வில்லியம்ஸின் இடம்.

ஒரு இரவு சமையலறை மேஜையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அந்த வருடம் 26 ஹோம் ரன் அடித்த மனிதர் நின்றிருக்க வேண்டிய இடம் அது. அவர் குளித்து உடை மாற்றிவிட்டாரோ, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ, எங்கே இருந்தாலும் மேஜர் லீகில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்க்காத ஒரு ஆட்டம் தன் இடத்தைத் தேடி வந்து நின்றதை அவர் உணர்ந்திருப்பார்.

லபூர்வோவுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவரை ஏதோ கிடைத்த ஆள் என்று நினைக்க வேண்டாம். பிறகு டொலீடோ ஊர் அணியில் வருடக்கணக்காக வெளுத்து வாங்கினார், அந்த லீகின் பேட்டிங் பட்டத்தை இரண்டு முறை எடுத்தார். அன்றைக்கும் வில்லியம்ஸின் இடத்தில் வந்ததிலிருந்து மூன்று ஹிட். அவருக்கு அடுத்து மட்டையோடு காத்திருந்த நான்காம் இடத்து கர்ட் வாக்கர் அன்று நான்கு ஹிட். ஆக ஆஸ்பார்னுக்கு ஒளிய இடம் இல்லை. வாக் கொடுத்தால் ஒரு ரன் உள்ளே வரும், பின்னால் வாக்கர் நிற்கிறார்.

ஸ்டிரைக் அவுட். அட்டையில் ஒரு ‘கே’. கப்ஸ் 26, ஃபிலீஸ் 23.

மூன்று மணி ஒரு நிமிடம் நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்ட காலம் அது. 51 ஹிட். மட்டை பிடிக்க வந்தவர்கள் ஃபிலீஸில் 66, கப்ஸில் 59. வெற்றி காஃப்மன் கணக்கில், தோல்வி ரிங் கணக்கில். இன்றைய விதிப்படி தொடக்க பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் வீசினால்தான் வெற்றி அவர் பெயருக்குப் போகும். காஃப்மன் வீசியது நான்குதான்.

எனக்கு இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று பல முறை யோசித்திருக்கிறேன். நான் வளர்ந்த ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும்போது, முன்னால் இருக்கிற அணி பந்தைத் தேடுவதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்து வெளிச்சம் போய்விட்டால் ஜெயித்த மாதிரிதான். பெரிய கிரிக்கெட்டிலும் ஓவரைக் கடத்தலாம், டிராவுக்கு ஆடலாம். கால்பந்தில் மூலையில் போய்ப் பந்தைக் காலுக்குள் வைத்துக்கொள்ளலாம். பேஸ்பாலில் கடத்துவதற்கு எதுவும் இல்லை. 2023-ல் ஒவ்வொரு பந்துக்கும் இத்தனை நொடி என்று கடிகாரம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் ஆட்டம் முடியக் கடிகாரம் இல்லை. பத்தொன்பது ரன் முன்னால் இருந்தாலும் இருபத்தேழாவது ஆளையும் அவுட்டாக்கியே ஆக வேண்டும். எதிரில் நிற்பவனுக்குப் பந்தை வீசித்தான் ஆக வேண்டும், அவன் அடிக்க வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். 1922-ல் கப்ஸ் அதைப் பதற்றத்தோடு செய்தார்கள். செய்யாமல் வீட்டுக்குப் போக அவர்களுக்கு வழியே இல்லை. அந்தக் கட்டாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த ஆட்டத்துக்கு ஒரு தம்பி உண்டு. 1979 மே 17. அதே மைதானம், அதே இரண்டு அணி. ஒரு கட்டத்தில் ஃபிலீஸ் 21-9 என்று முன்னால். கப்ஸ் விடவில்லை. டேவ் கிங்மன் மூன்று ஹோம் ரன் அடித்தார். 22-22 என்று சமமாகிப் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. அதில் ஃபிலீஸின் மைக் ஷ்மிட், ஆட்டத்தின் கடைசியில் வந்து முடித்துக்கொடுக்கும் பிட்சர்களில் அந்தக் காலத்தின் மிகப் பெரியவர்களில் ஒருவரான புரூஸ் சட்டரின் பந்தை வெளியே அனுப்பினார். 23-22, ஃபிலீஸுக்கு வெற்றி. 57 வருடம் கழித்து அதே 23 ரன், இந்த முறை அது போதுமானதாக இருந்தது. 1922-ல் பெஞ்சில் இருந்தவர்களில் யாராவது உயிரோடு இருந்து மறுநாள் காலை பத்திரிகையில் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். 1979 ஆட்டத்துக்குப் படம் இருக்கிறது, ஒவ்வொரு ஹோம் ரன்னையும் இன்று உட்கார்ந்து பார்க்கலாம். 1922-ஐப் பொறுத்தவரை எனக்குத் துணை அந்த அட்டைதான்.

போன கோடையில் மகளை ரிக்லி ஃபீல்டுக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒரு அட்டை, ஒரு பென்சில். எண்களைச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது இன்னிங்ஸ் வரை சலிக்காமல் எழுதினாள். திரும்பிய எழுத்து அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, யாராவது அப்படி அவுட்டாக மாட்டார்களா என்று பந்துக்குப் பந்து காத்துக்கொண்டிருந்தாள். கப்ஸ் ஜெயித்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணி ஆடி முடிந்ததும் எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள், அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, கடைசிக் கட்டம் காலியா இருக்கு. கப்ஸ் ஒன்பதாவது ஆடவே இல்லையே?”

“ஆட வேண்டாம்மா. அவங்கதான் முன்னால இருக்காங்களே. அவங்களுக்கு அந்த முறை தேவையில்லை.”

“அப்ப சைபர் போடவா?”

“சைபர் போடக் கூடாது. ஆடி எடுக்கலன்னாதான் சைபர். ஆடவே இல்லன்னா பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு போடணும்.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாக அந்தக் குறியைப் போட்டாள், கட்டத்தின் நான்கு மூலையும் தொடுகிற மாதிரி. அப்புறம் அட்டையை என்னிடம் நீட்டினாள். நான் ஓரத்தில் கூட்டலை ஆரம்பித்தேன்.